அந்தப் பெட்டியை எடுத்துப் போனவர் யார்?

பெங்களூரில் நகைச்சுவைக் குறும்படம் எழுதும், எடுக்கும் தமிழ்த் தம்பி தங்கைகளுக்கு,

அடுத்த திரையிடலுக்கு 'புஷ்பக விமான'த்தைத் தேர்ந்தெடுத்திருப்பதாக உங்கள் அழைப்பு வந்தது. நல்ல தேர்வு. அழைப்பின் கடைசியில் 'மொழியே இல்லாத படம், அதனால் எல்லோருக்குமான படம்' என்று போட்டிருக்கிறீர்கள். அதில் பாதிதான் சரி என்று எனக்குப் படுகிறது. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்துப் பார்க்கச் சொல்லி உங்களில் சிலர் அனுப்பிய திரைக்கதைகளும் என் மேசையில் இருக்கின்றன. அவற்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

1987 இறுதியில் வந்த படம். இந்த ஊரில் எடுத்தது. கதையில் வரும் நட்சத்திர ஓட்டல் 'புஷ்பக்', நிஜத்தில் சாங்கி சாலைப் பக்கம் இன்றும் வெள்ளை வெளேரென்று நிற்கிற விண்ட்சர் மேனர். பாத்திரங்கள் யாரும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ஆனால் ஒலி உண்டு, எல்.வைத்தியநாதனின் இசை உண்டு, தெருச் சத்தம் உண்டு. தமிழ்நாட்டில் அது 'பேசும் படம்' என்ற பெயரில் ஓடியது. கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் இந்தியிலும் தலைப்பு மட்டும் கொஞ்சம் மாறியது. அந்த ஆண்டின் சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

பேச்சே இல்லாமல் படம் எடுத்தது எப்பேர்ப்பட்ட காரியம் என்று புரிய வேண்டுமானால் அன்றைய பெங்களூரை நினைத்துப் பார்க்க வேண்டும். கோகாக் கிளர்ச்சி முடிந்து ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. கன்னடத்துக்கு முதலிடம் கேட்டு 1982இல் கன்னட நடிகர் ராஜ்குமார் முன்னால் நின்று நடத்திய அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகு, இந்த மாநிலத்தில் கன்னடத்துக்கு என்ன இடம் என்பது தெருவில் பேசப்படும் கேள்வியாகிவிட்டது. வேற்றுமொழிப் படங்களைக் கன்னடத்தில் டப் செய்து வெளியிடக் கூடாது என்ற எழுதப்படாத தடை 1960களிலேயே வந்துவிட்டது. அதை எதிர்த்து இந்தியப் போட்டி ஆணையம் தீர்ப்புச் சொன்னது 2015இல்தான். அப்படிப்பட்ட ஊரில் தெலுங்கரான சிங்கீதம் சீனிவாசராவ், கன்னட நடிகரும் தயாரிப்பாளருமான சிருங்கார் நாகராஜோடு சேர்ந்து, தமிழ் நடிகர் கமல்ஹாசனைக் கதாநாயகனாக வைத்து, டப்பிங் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் ஐந்து மொழிக்காரர்களுக்கும் ஒரே படத்தைக் காட்டினார். சிங்கீதம் இந்த ஊருக்குப் புதியவரும் அல்லர். அதற்கு முன்பே ராஜ்குமாரை வைத்து 'ஹாலு ஜேனு', 'சலிசுவ மோடகளு' என்று வெற்றிப் படங்கள் கொடுத்தவர்.

நடிகர் பட்டியலைப் பாருங்கள். வங்காளத் தந்தைக்கும் ஐரிஷ் தாய்க்கும் பிறந்த அமலா. 'நுக்கட்' தொடரில் குடிகாரராக வந்து நாடெங்கும் அறிமுகமான சமீர் காக்கர், இதிலும் குடிகாரப் பணக்காரராக. கொலைகாரராக இந்திப் பட இயக்குநர் டினு ஆனந்த். பரிதா ஜலால், பிரதாப் போத்தன். பிச்சைக்காரராக தெலுங்கு நடிகர் பி.எல்.நாராயணா. இந்த ஊரின் ஒரு பேருந்தில் ஏறினால் எத்தனை ஊர்க்காரர்கள் இருப்பார்களோ அத்தனை பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பிலும் பெங்களூரு மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. தமிழ், தெலுங்கு, உருது என்று மற்றவை வரிசையாக நிற்கின்றன. பேச்சைக் கழற்றி வைத்தபோதுதான் இந்த ஊரின் கலவை ஒரே படத்துக்குள் வர முடிந்தது. உங்கள் அழைப்பில் நான் ஒப்புக்கொள்ளும் பாதி இது.

இனி உங்கள் திரைக்கதைகளுக்கு வருகிறேன். அவற்றிலும் எல்லோரும் இருக்கிறார்கள். அசாமிலிருந்து வந்த செக்யூரிட்டி, ராஜஸ்தான் மளிகைக்காரர், கன்னடம் பேசும் ஆட்டோக்காரர், மலையாளி நர்ஸ், பிஜி நடத்தும் ஆந்திர அம்மா. ஒருவரையும் நீங்கள் விட்டுவிடவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் வாயைத் திறந்ததும் அவர் பேசும் தமிழ்தான் சிரிப்பாகிறது. ஆட்டோக்காரர் மூன்று காட்சிகளில் வருகிறார், மூன்றிலும் ஒரே தவறான உச்சரிப்பு. அவருக்கு என்ன வேண்டும், எங்கே போய்த் தூங்குகிறார், யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று எதுவுமே இல்லை. கதாநாயகன் மட்டும் நல்ல தமிழ் பேசிக்கொண்டு ஐ.டி. வேலையும் காதலுமாக இருக்கிறான்.

இதை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. நம் சினிமா உங்களுக்குக் கொடுத்த சீதனம் இது. டீக்கடை நாயர், வட்டிக்கடை சேட்டு, பரிமாற வரும் ஐயர் என்று கொச்சையும் வேடமும் வைத்தே ஓர் ஆளை அடையாளம் காட்டும் பழக்கம் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. நிறத்தை வைத்துச் சிரிக்கும் பழக்கம் அதைவிடக் கொடியது. 2007இல் வந்த 'சிவாஜி'யில் இரண்டு பெண்களுக்குக் கரியைப் பூசிவிட்டதுபோல் ஒப்பனை போட்டு, பார்த்ததும் சிரிக்கச் சொன்னார்கள். பாரியின் மகள்களுடைய பெயர்களையே அவர்களுக்கு வைத்தார்கள். ரஜினிகாந்த் கருப்பாக இருப்பதைக் கொண்டாடிய அதே படம், அதே நிறம் ஒரு பெண்ணுக்கு இருந்தால் கேலி செய்தது. அந்தக் காட்சி இன்னும் ரீல்ஸில் சுற்றுகிறது. அதை அனுப்பிச் சிரிக்கும் வீடுகளில் கருப்பான பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2015இல் 'ஐ' படத்தில் திருநங்கைப் பாத்திரத்தைக் கேவலப்படுத்தியதற்காகச் சென்னையில் திருநங்கைகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவர்கள் படத்தில் இடம் பெறாமல் போனதற்காக அந்தப் போராட்டம் நடக்கவில்லை. இடம் பெற்ற விதத்துக்காக நடந்தது.

ஸ்பானிய இயக்குநர் லூயிஸ் கார்சியா பெர்லாங்காவின் 1953ஆம் ஆண்டுப் படம் ஒன்றை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 'பியென்வெனிதோ, மிஸ்டர் மார்ஷல்'. வில்லார் தெல் ரியோ என்று ஒரு சின்னக் கற்பனைக் கிராமம். மார்ஷல் திட்டத்தில் உதவி கொடுக்க அமெரிக்கர்கள் வருகிறார்கள் என்று சேதி வருகிறது. அந்தத் திட்டத்தில் ஸ்பெயினை நிஜத்தில் சேர்க்கவே இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயின் என்றால் அமெரிக்கர்களுக்கு ஆந்தலூசியாதான் தெரியும் என்று ஒருவன் யோசனை சொல்கிறான். உடனே காஸ்தில் பகுதியைச் சேர்ந்த அந்த உழவர்கள் எல்லோரும் ஆந்தலூசிய உடுப்பு மாட்டிக்கொள்கிறார்கள், வீட்டுச் சுவர்களை மறைத்துப் போலி முகப்புகளை நிறுத்துகிறார்கள், பாட்டுப் பழகுகிறார்கள். அவரவர் என்ன கேட்கப் போகிறார்கள் என்று வரிசையில் நின்று பதிந்துகொள்கிறார்கள். கடைசியில் அமெரிக்கர்களின் கார்கள் நிற்காமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகின்றன. செலவுக் கணக்கை அடைக்க ஊரார் தங்கள் பண்டங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பிராங்கோ ஆட்சியின் தணிக்கைக்கு நடுவில் எடுத்த படம் இது. யாரோ ஒருவனின் கண்ணுக்காகத் தன் ஊரையே வேறு ஊராக்கிக் காட்ட வேண்டியிருப்பது எப்பேர்ப்பட்ட அவமானம் என்பதை இவ்வளவு அன்போடு சொன்ன படம் எனக்கு வேறு தெரியாது. ஏனென்றால் பெர்லாங்கா அந்த உழவனுக்கு ஒரு கனவையும் கொடுக்கிறார். வானத்திலிருந்து பாராசூட்டில் டிராக்டர் இறங்குகிறது. வேடம் மாட்டியவனுக்கு உள்ளே என்ன ஆசை இருக்கிறது என்று ஒரு நிமிடம் காட்டிவிட்டால், பிறகு அவன் உடுப்பைப் பார்த்து நம்மால் சிரிக்க முடிவதில்லை.

உங்கள் ஆட்டோக்காரருக்கு அப்படி ஒரு டிராக்டர் வேண்டும்.

'புஷ்பக விமான'த்தில் சிங்கீதம் இதை வேறு வழியில் செய்கிறார். கொச்சை இல்லை, வட்டார வழக்கு இல்லை, இரட்டை அர்த்தம் இல்லை. சிரிப்புக்கு எளிதான கச்சாப்பொருள் அத்தனையையும் வாசலிலேயே விட்டுவிட்டு வந்த இயக்குநருக்கு மிச்சம் இருந்தவை பணம், சாவி, தூக்கம், கழிவறை. அதாவது ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடுவில் இருக்கும் பொருள்கள். கதாநாயகன் படித்து வேலை கிடைக்காதவன். மாடியில் ஓர் ஓட்டை அறை, குளியலறைக்கு வரிசை. தெருவில் ஒரு பிச்சைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். இவன் தன்னிடம் இருக்கும் காசைக் காட்டிப் பெருமைப்படுகிறான். அவர் பதிலுக்குக் காசைக் காட்டுகிறார். இவன் நோட்டைக் காட்டினால் அவர் விரிப்பைத் தூக்கி அடியில் இருக்கும் நோட்டுகளைக் காட்டுகிறார். பட்டதாரி தோற்றுப் போகிறான். பிறகு ஒரு நாள் அந்தப் பிச்சைக்காரர் இறந்து கிடக்கிறார். பிணத்தைக் கண்டுகொள்ளாத கூட்டம், விரிப்புக்கு அடியில் இருந்த பணத்தைக் கண்டதும் பாய்கிறது. சற்று முன்பு நம்மைச் சிரிக்க வைத்த அதே விரிப்பு. சிரித்த வாயை மூட நமக்கு அவகாசமே கொடுப்பதில்லை.

தெருவில் குடித்துவிட்டு விழுந்து கிடக்கும் பணக்காரனிடமிருந்து ஓட்டல் சாவி கிடைக்கிறது. அவனைத் தன் அறையில் கட்டிப் போட்டுவிட்டு, இவன் போய் 'புஷ்பக்'கில் ராஜ வாழ்க்கை வாழ்கிறான். முதல் இரவில் தூக்கம் வரவில்லை. மெத்தை சரியாக இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது, அமைதிதான் தாங்க முடியவில்லை. அவன் மாடியறைக்குப் பக்கத்தில் ஒரு சினிமா கொட்டகை. தினமும் அந்தச் சண்டைச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவன். டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சத்தத்தைப் பதிந்து வந்து, நட்சத்திர ஓட்டல் அறையில் ஓடவிட்டுத் தூங்குகிறான்.

இந்தக் காட்சியை நீங்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பிரதிநிதித்துவம் என்று நாம் இப்போது பெரிய பெயர் வைத்துப் பேசுகிறோமே, அது இதில் இருக்கிறது. ஏழை ஒருவனைப் படத்தில் காட்டுவது சுலபம். அவன் காது எதற்குப் பழகியிருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது கடினம். சிங்கீதத்துக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் அந்த அறையில் நாம் அவனோடு சேர்ந்து சிரிக்கிறோம், அமைதியைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் அந்த ஓட்டல் நமக்கும் விநோதமாகத் தெரிகிறது.

1987இன் பெங்களூருக்கு அந்தக் கதாநாயகன் பொருத்தமானவன் என்பதையும் சொல்ல வேண்டும். எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி. என்று அரசுத் தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்த ஊர். 1980 டிசம்பரில் தொடங்கி 77 நாள் நடந்த பொதுத்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அந்த நம்பிக்கை தளர்ந்தது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1985இல் வந்துவிட்டது, ஆனால் அது சிலருக்கான கதவுதான். இரண்டு காலங்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு வேலை கேட்டு வரிசையில் நின்ற பையன்கள் கன்னடரிலும் இருந்தார்கள், தமிழரிலும் இருந்தார்கள். படம் முடியும்போதும் அவன் வரிசையில்தான் நிற்கிறான். அவன் காதலித்த பெண் கொடுத்துவிட்டுப் போன முகவரிச் சீட்டு காற்றில் பறந்து சாக்கடையில் விழுந்துவிடுகிறது. எல்லா மொழி நகைச்சுவைப் படங்களும் கல்யாணத்தில் முடிந்த காலத்தில் இப்படி முடிக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

இனி நான் ஒப்புக்கொள்ளாத பாதி.

கட்டிப் போட்ட பணக்காரன் மலம் கழிக்க வேண்டுமே. கதாநாயகன் அதற்கு ஒரு வழி செய்கிறான். மலத்தை ஒரு பெட்டியில் பிடித்து, மேலே அழகான காகிதம் சுற்றி, நாடா கட்டி, பரிசுப் பொட்டலம்போல் ஆக்கி, பொது இடத்தில் வைத்துவிட்டு நழுவுகிறான். யாரோ ஆசைப்பட்டு அதை எடுத்துப் போகிறார்கள். கொட்டகையே அதிர்ந்து சிரித்த காட்சி இது. நானும் அதில் சிரித்தவன்தான், இன்றைக்கும் அது அருமையாகக் கட்டப்பட்ட காட்சி என்றே சொல்வேன். பணக்காரனின் மலமும் மலம்தான் என்று காட்டுகிறது, இலவசம் என்றால் கை நீட்டும் ஆசையையும் காட்டுகிறது.

ஆனால் அடுத்தவர் மலத்தைக் கையில் தூக்குவது நம் நாட்டில் எவருடைய தலையில் கட்டப்பட்ட வேலை என்று உங்களுக்குத் தெரியும். கதாநாயகன் அதைச் செய்யும்போது சிரிப்பு வருவதற்குக் காரணமே, அது அவன் வேலை இல்லை என்று அரங்கில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும் என்பதுதான். எவருடைய வேலையோ அவர் படத்தில் இல்லை. எவரும் எடுக்காத பெட்டி ஒன்று இருந்திருந்தால் அடுத்த நாள் காலை அதைத் திறந்திருக்கக்கூடியவர், அந்த இடத்தைப் பெருக்க வரும் துப்புரவுப் பணியாளர். அவர் முகத்துக்கு அந்தக் கதையில் இடமில்லை. இந்த வேலையைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1993இல்தான் வந்தது. கர்நாடகத்தில் தலையில் மலம் சுமக்கும் வழக்கத்தை 1970களிலேயே ஒழிக்க முனைந்தவர் அமைச்சர் பசவலிங்கப்பா. அதே பசவலிங்கப்பாதான் 1973 நவம்பரில் மைசூரில், கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி வெறும் 'பூசா', அதாவது மாட்டுத் தவிடு என்று பேசினார். ஊரே கொந்தளித்தது, பதவியை விட்டார். 'எங்கள் வாழ்க்கை உங்கள் புத்தகங்களில் எங்கே?' என்று ஒரு தலித் தலைவர் கேட்ட கேள்வியாகவே நான் அதை எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கலவரத்தின் சூட்டில்தான் இங்கே தலித் இயக்கம் திரண்டது, தலித் இலக்கியமும் வேகம் பிடித்தது. அந்தக் கேள்வி கேட்கப்பட்டுப் பதினான்கு ஆண்டுக்குப் பிறகு, அதே மாநிலத்தின் தலைநகரில் எடுத்த படம் இது. மொழியைக் கழற்றி வைத்தால் சாதியும் கழன்றுவிடும் என்று நினைத்தால் தவறு. சாதி பேசாமலே வேலை செய்யும்.

பெண்கள் விஷயத்திலும் குறை உண்டு. அமலாவின் பாத்திரம் கண்ணால் பேசுகிறது, குறும்பு செய்கிறது, அவ்வளவுதான். பணக்காரனின் மனைவி கள்ளக்காதலுக்காக மட்டுமே இருக்கிறாள். பனிக்கட்டிக் கத்தியோடு திரியும் கொலைகாரனுக்குக்கூட அவர்களைவிடச் சுவையான வேலை இருக்கிறது. இதே கூட்டணி இரண்டு ஆண்டு கழித்து 'அபூர்வ சகோதரர்க'ளில் குள்ளமான ஒருவனைக் கதையின் நடுவில் நிறுத்தி, அவன் காதல் தோற்று உடையும் காட்சியில் யாரையும் சிரிக்க விடாமல் செய்தது. தமிழில் அது பெரிய அடி. அந்தப் பாத்திரத்தையும் உயரமான நடிகர்தான் காலை மடக்கி நடித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான் படத்தைக் குறை சொல்லி ஒதுக்கச் சொல்லவில்லை. சிங்கீதம் விட்டுவிட்ட இடத்திலிருந்து நீங்கள் எழுதலாம் என்கிறேன். இன்றைய பெங்களூரில் அதற்குப் பொருள் கொட்டிக் கிடக்கிறது. நீங்கள் இருக்கும் அபார்ட்மெண்டிலேயே பாருங்கள், டெலிவரிப் பையனுக்கு ஒரு லிஃப்ட், உங்களுக்கு ஒரு லிஃப்ட். சர்வீஸ் லிஃப்ட் பழுதான நாளில் அவன் பிரியாணிப் பொட்டலத்தோடு பதினாலு மாடி ஏறுகிறான், வீட்டுக்காரர் கதவைத் திறந்து 'ஆறிப்போச்சே' என்கிறார். இதை அந்தப் பையனின் மூச்சிலிருந்து எழுதினால் வசனமே தேவைப்படாது. 2022 ஜூலையில் இந்த ஊரின் துப்புரவுப் பணியாளர்களான பௌரகார்மிகர்கள் வேலை நிரந்தரம் கேட்டுத் துடைப்பத்தைக் கீழே வைத்தார்கள். அந்தச் சில நாள்களில் குப்பையோடு திண்டாடிய வீடுகளில் எத்தனை நகைச்சுவைக் காட்சிகள் நடந்திருக்கும்! ஒன்றையாவது யாராவது எழுதினோமா? அந்தப் பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள், தெலுங்கு பேசும் தலித் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நிறைய, தமிழ் பேசுபவர்களும் உண்டு. நம் பாட்டன்மார் பின்னி ஆலைக்கும் கோலார் தங்கவயலுக்கும் கண்டோன்மெண்டுக்கும் வேலைக்கு வந்தபோது அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் இங்கே இருந்திருப்பார்கள். இப்போது ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை நம் பிள்ளைகளின் கழுத்தில் தொங்குகிறது. அதனால்தான் நீங்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்பதில் எனக்கு இவ்வளவு கவலை.

திரைக்கதைகளைத் திருப்பி அனுப்புகிறேன். ஆட்டோக்காரர் வரும் மூன்று காட்சிகளையும் அவர் ஒரு வார்த்தை பேசாமல் எழுதிப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், வரவில்லையென்றால் அவரைப் பற்றி இன்னும் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

திரையிடலைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். இந்திரா நகர் மாடி ஹாலில் நீங்கள் மட்டும் உட்கார்ந்து பார்க்க வேண்டாம். இந்தப் படத்துக்குச் சப்டைட்டில் வேண்டாம், மொழிபெயர்க்க ஆள் வேண்டாம். அல்சூரில் எனக்குத் தெரிந்த பௌரகார்மிகர் குடியிருப்பு ஒன்றின் முன்னால் சின்ன மைதானம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். பெரியவர்களிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டார்கள். திரைத்துணியும் நாற்காலிகளும் நான் பார்த்துக்கொள்கிறேன். புரொஜெக்டரும் ஒரு நல்ல ஸ்பீக்கரும் நீங்கள் கொண்டுவாருங்கள். படம் முடிந்ததும் நீங்கள் பேச வேண்டாம். அந்தப் பெட்டிக் காட்சியில் அவர்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே சிரிக்கவில்லை என்று பார்த்து வைத்துக்கொண்டு, தேநீர் குடிக்கும்போது அவர்களிடமே கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
அல்சூர், பெங்களூரு